செங்கோடன் அழிக்காத சிலேட்டு

போன மாதம் பழைய ஷெட்டிலிருந்து இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். இருவரும் புதிதாக ஃபோர்மேன் ஆனவர்கள். ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம். ஆட்களை அனுசரித்து வேலை வாங்குவது எப்படி என்று நான் நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடம் வேலை பார்த்தவர்கள் யாராவது அந்தத் தலைப்பைக் கேட்டிருந்தால் அவர்களுக்கும் வந்திருக்கும்.

பேச்சுவாக்கில், இப்போது புதிதாக அச்சடித்திருக்கும் புகார்ப் புத்தகத்தைக் காட்டினார்கள். வண்டி எண், டிரைவர் பெயர், கோளாறு என்ன என்று வரிசையாகக் கட்டம் போட்டு அழகாகத்தான் இருந்தது. கடைசிக் கட்டத்தில் ‘சரி செய்யப்பட்டது’ என்று போட்டு அதன் கீழே ஃபோர்மேன் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். டிரைவர் கையெழுத்துக்கு எங்கும் இடமில்லை.

“டிரைவர் எங்கே கையெழுத்துப் போடுவார்?” என்று கேட்டேன்.

“அவருக்கு எதுக்குங்க ஐயா? ரிப்பேர் பாக்கறது நாமதானுங்களே” என்றார் ஒருவர்.

அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. நானும் அவர் வயதில் அப்படித்தான் நினைத்தேன். அதனால் என்ன ஆயிற்று என்பதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

நான் சேலத்தில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தறியில் உட்கார எனக்குப் பொறுமை இல்லை. பதினாறு வயதில் ஒரு பஸ் சர்வீஸ் ஷெட்டில் சேர்ந்தேன். சர்வீஸின் பெயர் வேண்டாம், முதலாளியும் இப்போது இல்லை. நட்டு போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவுவதில் இரண்டு வருஷம், டயர் கழற்றுவதில் ஒரு வருஷம், பிறகு இன்ஜின். கற்றுக்கொண்ட கதை எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

அப்போது ஷெட்டுக்குத் தலைமை மேஸ்திரி அருளப்பன். திருச்சியில் ரயில்வே பட்டறையில் இருந்துவிட்டு வந்தவர். ஒல்லியான மனிதர், சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. ஷெட் வாசலில் ஒரு பெரிய சிலேட்டு மாட்டி வைத்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பதைப் போல நாலு மடங்கு இருக்கும், சுற்றிலும் மரச்சட்டம். வண்டி திரும்பி வந்ததும் டிரைவர் தன் புகாரைச் சொல்வார். அருளப்பன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று கேட்பார். டிரைவர் முடிக்கும் வரை குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். பிறகு, டிரைவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே சிலேட்டில் எழுதுவார். ‘வண்டி முனகுது’ என்று டிரைவர் சொன்னால் ‘வண்டி முனகுது’ என்றே எழுதுவார்.

“அது பேரிங்குங்க” என்று நான் ஒரு தடவை முந்திக்கொண்டேன்.

“அது உன் பேச்சுப்பா. அவரு சொன்னது வேற” என்றார் அருளப்பன். அதோடு சரி.

ரிப்பேர் முடிந்த பிறகு டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வருவார். திருப்தி என்றால் தோளில் கிடக்கும் துண்டால் அவரே சிலேட்டில் தன் வரியை அழிப்பார். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. அருளப்பனே தொட மாட்டார். சிலேட்டு சுத்தமாக இருந்தால் ஷெட்டில் இருக்கிற எல்லா வண்டியையும் எல்லா டிரைவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம். முதலாளி வெளியூர்க்காரர்கள் வந்தால் இந்த வழக்கத்தைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்.

ஒரு தடவை ராசிபுரம் வண்டியில் ‘எலி கத்துது’ என்று ஒரு டிரைவர் எழுதச் சொன்னார். நாங்கள் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தோம், ஸ்பிரிங்குக்கு எண்ணெய் போட்டோம். ஒன்பது நாள் அந்த வரி அழியவில்லை. பத்தாம் நாள் அருளப்பன் டிக்கெட் வாங்காத பயணியாக அந்த வண்டியில் ஏறி ராசிபுரம் போய்த் திரும்பினார். மேலே சாமான் வைக்கும் தட்டில் ஒரு கீல் தளர்ந்து, கூட்டம் ஏறினால் மட்டும் கிறீச்சிட்டிருக்கிறது. ஒரு திருகாணியை முறுக்கினார், எலி செத்தது. ஒரு கீலுக்காகத் தலைமை மேஸ்திரி ஒரு பகல் முழுக்கச் செலவழித்ததை நினைத்து நான் முதுகுக்குப் பின்னால் சிரித்தேன். அந்த டிரைவர் சிலேட்டை அழித்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கவனிக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய சமயத்தில் அருளப்பன் ஓய்வு பெற்றார். நான் மேஸ்திரி ஆனேன். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

யுத்த காலத்துப் பஸ்ஸை இன்றைக்கு உள்ளவர்களுக்கு விளக்குவது கஷ்டம். பெட்ரோல் கிடையாது. வண்டிக்குப் பின்னால் ஓர் ஆள் உயரத்துக்கு இரும்பு உருளை ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக் கரியைப் போட்டு மூட்டி, அந்தப் புகையில் இன்ஜினை ஓட்டினோம். காலையில் ஒருவர் கால் மணி நேரம் துருத்திக் கைப்பிடியைச் சுற்றினால்தான் வண்டி உயிர் பெறும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு தள்ளவும் சொல்கிறீர்களே என்று திட்டுவார்கள். ஏற்காடு மலைக்குப் போகும் வண்டியில் பாதி தூரம் ஜனங்கள் நடந்தேதான் போனார்கள்.

பெட்ரோல் மட்டுமா, பிரேக் எண்ணெயும் கிடைக்கவில்லை. புதுமாதிரி வண்டிகளில் பிரேக்கை மிதித்தால் ஒரு குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் அழுத்திச் சக்கரத்தைப் பிடிக்கும். அந்த எண்ணெய் சீமையிலிருந்து வர வேண்டும், கப்பல் வரவில்லை. ஒவ்வொரு சர்வீஸிலும் வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. அப்போதுதான் நான் விளக்கெண்ணெயையும் வார்னிஷ் வேலைக்குக் கிடைக்கும் ஸ்பிரிட்டையும் சரிபாதி கலந்து ஊற்றிப் பார்த்தேன். பிரேக் கல் மாதிரி பிடித்தது. மதுவிலக்கு வந்து ஜில்லாவில் கள்ளும் சாராயமும் நின்றுபோயிருந்த காலம். மனுசனுக்கு இல்லாத ஸ்பிரிட்டு வண்டிக்குக் கிடைக்குது என்று டிரைவர்கள் கேலி செய்தார்கள்.

முதலாளி மற்ற சர்வீஸ்காரர்களை எல்லாம் ஷெட்டுக்கு அழைத்து, நடுவில் என்னை நிறுத்தி, “இவன் மூளையாலதான் என் வண்டி ஓடுது” என்றார். கரூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்குகள் வந்தார்கள். ‘மேஸ்திரி எண்ணெய்’ என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. நான் அப்போது நடந்த நடையை இப்போது நினைத்தால் கூசுகிறது. சட்டைக் காலரில் எண்ணெய் படக்கூடாது என்று ஸ்பானரைக்கூட இன்னொருவர் எடுத்துத் தர வேண்டும் என்ற நிலைக்குப் போயிருந்தேன்.

மலை வண்டியை ஓட்டியவர் செங்கோடன். மல்லசமுத்திரத்துக்காரர், விவசாயக் குடும்பம். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் மண்ணெண்ணெயில் நட்டு கழுவிய காலத்தில் அவர் டிரைவர். ஒருநாள் நான் சக்கரத்தைச் சரியாக முறுக்காமல் விட்டு, அருளப்பனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு மூலையில் நின்று அழுததைப் பார்த்தவர். அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். மேஸ்திரி ஆன பிறகு அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் அழுததைப் பார்த்த ஓர் ஆள் தினமும் கண்ணெதிரே நடமாடுவது எனக்கு உறுத்தலாக இருந்தது. அன்றெல்லாம் ‘அவன்’ என்றுதான் சொல்வேன், இப்போது ‘அவர்’ என்றே எழுதுகிறேன்.

ஒருநாள் காலை செங்கோடன் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஏனுங்க மேஸ்திரி, மலை எறங்கறப்ப கடேசி ரெண்டு வளைவுல மொத மிதி உள்ள போயிருதுங்க. ரெண்டாவது மிதிக்குத்தான் புடிக்குது. சிலேட்டுல எழுதிக்கோங்க.”

நான் எழுந்திருக்கவில்லை. “மேலே பிடிக்குதா?” என்றேன்.

“மேல நல்லாத்தானுங்க புடிக்குது. பாதி மல வரைக்கும் ஒண்ணுமில்லைங்க. கீள வரவரத்தான் இப்பிடி ஆகுது.”

“மேலே பிடிக்கிற பிரேக் கீழே எப்படிப் பிடிக்காமல் போகும்?”

“அது எனக்குத் தெரியாதுங்க. பழைய எண்ணெயில இப்பிடி ஆனதில்லைங்க. இந்த எண்ணெய் ஊத்துனதுக்குப் பொறவுதான்.”

பழைய எண்ணெயில் ஆகவில்லை என்ற அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது எனக்கு. ஷெட்டில் மெக்கானிக்குகளும் டிரைவருமாக ஆறு பேர் இருந்தார்கள், அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வேண்டா வெறுப்பாகச் சிலேட்டில் எழுதினேன். எழுதிய கையோடு அவரை வண்டியில் ஏற்றி உட்காரவைத்து, மிதி என்றேன். மிதித்தார், கல் மாதிரி நின்றது. இன்னொரு தடவை என்றேன், அப்போதும் அப்படித்தான்.

“எங்கய்யா உள்ள போவுது? பிரேக்கு சரியாத்தான் இருக்கு. உன் கால்தான் தூங்குது!” என்றேன்.

ஆறு பேரும் சிரித்தார்கள். செங்கோடன் சிரிக்கவில்லை. நான் நேராகச் சிலேட்டுக்குப் போய் அவருடைய வரியை என் உள்ளங்கையால் அழித்தேன். அழிக்கும்போது சிரிப்புச் சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது. அத்தனை வருஷத்தில் டிரைவர் அல்லாத கை அந்தச் சிலேட்டைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“நான் அளிக்கலீங்களே மேஸ்திரி” என்றார் செங்கோடன்.

“நான் அழிச்சேன். நேரமாவுது, வண்டிய எடு.”

அவர் சிலேட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மலை வண்டிக்கு ஜனங்கள் காத்திருந்தார்கள். போய் ஏறிக்கொண்டார்.

மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லை. கியரிலேயே வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்கியிருக்கிறார். அதனால் தினமும் தாமதமாக வந்தார். அதற்கும் நான் கடிந்துகொண்டேன். நாலாம் நாள் மேலே சந்தை. உச்சி வெயிலில் வண்டி நிறையக் கூட்டத்தோடும் கூடைகளோடும் இறங்கியிருக்கிறது. அடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு மேலே, கடைசிக்கு முந்தின வளைவில் முதல் மிதி உள்ளே போயிற்று. இரண்டாவது மிதியும் உள்ளே போயிற்று. மூன்றாவதும் அப்படியே. ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கம் மலை. செங்கோடன் வண்டியை மலைப் பக்கம் ஒடித்து, ஓடையில் இறக்கி, மண்சுவரில் உரசி நிறுத்தினார். உள்ளே இருந்தவர்களுக்கு அங்கங்கே அடி. ஒரு தோட்டத்துக் கங்காணிக்குக் கால் முறிந்தது. வண்டி சாய்ந்தபோது ஸ்டீயரிங் சுழன்று அடித்து, செங்கோடனின் வலது மணிக்கட்டு நொறுங்கியது. ஒரு உயிரும் போகவில்லை. பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தகவல் வந்து நான் லாரி பிடித்துப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. முதல் வேலையாக வண்டிக்குள் ஏறிப் பிரேக்கை மிதித்தேன். கல் மாதிரி நின்றது. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றும் சோறு இறங்காது. மனிதர்கள் ரத்தத்தோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கோ, என் எண்ணெய் தப்பித்தது என்று இருந்தது.

டிரைவர் தூங்கிட்டான் போல என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அந்தப் பேச்சு எங்கள் ஷெட் ஆட்களிடமிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். கால் தூங்குது என்று நான் கேலி செய்தது மூன்று நாளில் ஆளே தூங்கிவிட்டதாக வளர்ந்திருந்தது.

மறுநாள் ஷெட்டில் விசாரணை நடந்தது. வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி, ஒரு போலீஸ்காரர், முதலாளி மூவரும் இருந்தார்கள். மலையிலிருந்து இழுத்துவந்திருந்த வண்டியில் அதிகாரி ஏறிப் பிரேக்கை மிதித்துப் பார்த்துத் திருப்தியானார். பிறகு, “கோளாறு இருக்கிறது என்று டிரைவர் முன்னால் சொல்லியிருக்கிறாரா?” என்று கேட்டார்.

முதலாளிக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெளியூர்க்காரர்களிடம் சொல்வதைப் போல, சிலேட்டு வழக்கத்தை முதலிலிருந்து சொன்னார். “டிரைவர் தன் கையால அழிச்சாத்தானுங்க எங்க ஷெட்டுல வண்டி சரின்னு அர்த்தம். வேற யாரும் தொடவே மாட்டாங்க” என்றார். எல்லாரும் சிலேட்டைப் பார்த்தார்கள். அது துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அதிகாரிக்கு அது செங்கோடன் போட்ட கையெழுத்தாகவே தெரிந்திருக்கும். டிரைவரைக் காப்பாற்ற அருளப்பன் உண்டாக்கிய வழக்கம், டிரைவருக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது.

“நான் எளுதச் சொன்னனுங்க. நான் அளிக்கலீங்க” என்றார் செங்கோடன். கையைத் துணியால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். “என்ன மேஸ்திரி?”

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். “சிலேட்டுல ஒண்ணுமில்லீங்களே சார்” என்றேன். அவ்வளவுதான். யார் அழித்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த ஆறு பேரும் அங்கேதான் நின்றார்கள். நான் அழித்ததைப் பன்னிரண்டு கண்கள் பார்த்திருந்தன. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என்னிடம் எதிர்த்துப் பேசியவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஷெட்டில் அந்தப் பயத்தை நானே உண்டாக்கி, அதைக் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செங்கோடனின் லைசென்ஸைப் பிடுங்கினார்கள், வேலையும் போயிற்று. போகும்போது என்னிடம் வந்து, “வாரேனுங்க மேஸ்திரி” என்றார். நான் ஏதோ காகிதத்தைப் பார்ப்பதுபோல் தலையாட்டினேன்.

ஒரு மாதம் கழித்து, கொல்லன் உலைக்குப் பக்கத்தில் என் எண்ணெய் டப்பா ஒன்று மறந்துபோய்க் கிடந்தது. பக்கத்தில் சூடாவதற்கு வைத்த தண்ணீர்ச் சட்டியும் இருந்தது. எண்ணெயில் குமிழ் எழும்பும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். தண்ணீர் இன்னும் அசையவே இல்லை, எண்ணெய் பொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட்டு சீக்கிரம் கொதிக்கும். மலை இறங்கும்போது மிதித்து மிதித்துச் சக்கரம் சூடேறும். கீழே வரவர அந்தச் சூட்டில் குழாய்க்குள் எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவி இருந்தால் மிதி உள்ளே போகும். இரண்டு மணி நேரம் ஆறப் போட்டால் மறுபடி கல் மாதிரி நிற்கும். செங்கோடன் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் உண்மை.

மறுநாள் ஆளில்லாத வண்டி ஒன்றை மாரப்பன் என்ற டிரைவரோடு மேலே கொண்டுபோய், நானே ஓட்டிக்கொண்டு இறங்கினேன். அதே வளைவில் பிரேக் மிதி வண்டியின் அடிப்பலகை வரை போயிற்று. நல்லவேளை, கியரில் இருந்ததால் வண்டி நின்றது. மாரப்பன் என்னையே பார்த்தார். ஆறு பேரில் அவரும் ஒருவர்.

“அன்னைக்கு அவரு இதத்தான சொன்னாருங்க” என்றார்.

அன்றே எல்லா மலை வண்டியிலும் என் எண்ணெயை வடித்துக் கொட்டினேன். முதலாளியிடம், “இது மலைக்கு ஆகாதுங்க, தரைக்கு மட்டும் வச்சுக்கலாம்” என்றேன். யார் காலில் விழுந்தோ கொஞ்சம் சீமை எண்ணெய் வாங்கிவந்தேன். “இத்தனை நாள் ஓடுச்சேப்பா?” என்றார் முதலாளி. வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் என் மூளையைப் பற்றி அவர் ஊரெல்லாம் பேசியது என்ன ஆவது?

ஷெட்டில் மட்டும் மாறிக்கொண்டேன். புகார் சொல்ல வந்தால் எழுந்து நின்று கேட்டேன். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். கோளாறு எந்த ரோட்டில் வருகிறதோ அந்த ரோட்டுக்கே டிரைவரோடு போய்ப் பார்த்தேன். முதல் ஆறு மாதம் யாரும் என்னை நம்பவில்லை, சிலேட்டு காலியாகவே கிடந்தது. பிறகு வண்டி கழுவும் பாவாயம்மா ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, “ஏனுங்க சாமி, அந்த வண்டி நிக்கற எடத்துல மட்டும் தண்ணி வளவளங்குது. சொல்லலாமோ கூடாதோ தெரியல” என்றார். குனிந்து பார்த்தேன், பிரேக் குழாயில் மயிரிழை விரிசல். அவர் சொன்னதைச் சிலேட்டில் எழுதி, முடிந்ததும் அவரையே அழிக்கச் சொன்னேன். ஷெட்டே வேலையை விட்டு வந்து பார்த்தது. அதன் பிறகுதான் எல்லாரும் பேசத் தொடங்கினார்கள். நல்ல மேஸ்திரி என்று எனக்குப் பெயர் வந்ததெல்லாம் அதற்கப்புறம்தான். அந்தப் பெயரை யாராவது சொல்லும்போது மாரப்பனின் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

யுத்தம் முடிந்தது. கரி உருளைகளைக் கழற்றி இரும்புக்குப் போட்டோம். ஒருநாள் அருளப்பன் பேத்தி கல்யாணப் பத்திரிகையோடு ஷெட்டுக்கு வந்தார். கண் சரியாகத் தெரியாமல், சிலேட்டைக் கையால் தடவிப் பார்த்தார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தவர், “செங்கோடன் எங்கப்பா?” என்றார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை முதல் தடவையாகச் சொன்னேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். நான் முடிக்கும் வரை அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“இத எங்கிட்ட எதுக்குப்பா சொல்ற?” என்றார் கடைசியில். பத்திரிகையை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிலேட்டைக் கழற்றி, செங்கோடனின் வரியை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மல்லசமுத்திரம் போனேன். கடலைக்காட்டு ஓரத்தில் அவர் வீடு. அவர் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டு, மோர் கொண்டுவந்து கையில் தராமல் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். செங்கோடன் காட்டிலிருந்து வந்தார். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே மடங்காமல் கட்டைபோல் இருந்தது.

“வாங்க மேஸ்திரி. ஊட்ல எல்லாம் சௌக்கியமுங்களா?”

உட்காரக்கூட இல்லை நான். எண்ணெய் கொதித்தது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். “நீங்க சொன்னது சரி, செங்கோடண்ணா. நான்தான் அழிச்சேன். தெரிஞ்சப்புறமும் வாயத் தொறக்கல” என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். துணியைப் பிரித்துச் சிலேட்டை அவர் மடியில் வைத்தேன்.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். ‘கடேசி ரெண்டு வளைவுல மொத மிதி உள்ள போயிருது.’ இரண்டு தடவை படித்தார்.

“உங்க கையால அழிச்சிருங்கண்ணா” என்றேன்.

தோளில் கிடந்த துண்டை இடது கையால் எடுத்தார். சிலேட்டு வரை கொண்டுபோனார். பிறகு துண்டை மடியில் போட்டுக்கொண்டார்.

“என்ர மாமனாரு போன தைல செத்துப்போனாருங்க. சாவற வரைக்கும் நான் வண்டில தூங்கிட்டேன்னுதான் நெனச்சாரு. சந்தைக்குப் போனா இன்னிக்கும், தூங்குமூஞ்சி செங்கோடன் வாறான்னுதானுங்க சொல்றாங்க. கை போனதுகூடப் பெருசில்லீங்க.” சிலேட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “இது இன்னும் சரியாகலீங்களே மேஸ்திரி. நான் எப்பிடி அளிக்கறது?”

குரலில் கோபமே இல்லை. வண்டியில் ஏதோ கோளாறு என்று வந்து சொல்லும்போது எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசினார்.

திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னேன். “போனது போகட்டும், இப்ப எதுக்கு அதெல்லாம்” என்றார். ஷெட்டில் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். பாதிப் பேர் புதியவர்கள், செங்கோடனை அவர்கள் பார்த்ததே இல்லை. பாவம் என்றார்கள், வேலைக்குப் போனார்கள். லைசென்ஸுக்காக எழுதிப் போட்டேன், மடங்காத கைக்கு லைசென்ஸ் தர மாட்டோம் என்று பதில் வந்தது. மல்லசமுத்திரம் சந்தையிலும் போய் நின்று சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். முன்பின் தெரியாத ஊரில், சந்தைக் கூட்டத்தின் நடுவில், நான்தான் தப்புச் செய்தவன் என்று கத்த எனக்கு நாக்கு எழவில்லை. அவ்வளவு திருந்திய பிறகும் அந்த அளவுக்கு மிச்சம் இருந்தது. சில வருஷங்களில் செங்கோடன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஷெட்டுக்கு வேறு சிலேட்டு வாங்கி மாட்டினேன். அந்தப் பழைய சிலேட்டு என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை சுண்ணக்கட்டி மங்கி எழுத்து தேய்ந்துவிடும். அப்போதெல்லாம் அந்த வரியின் மேலேயே நான் மறுபடி எழுதுகிறேன்.

மலரில் இதைப் போட்டால் மல்லசமுத்திரத்துக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். அன்றைக்கு மலை இறங்கும்போது செங்கோடன் தூங்கவில்லை.